பாதை யாருக்காக?

அன்புள்ள கவின்,

கடற்போரில் மிகக் கடினமான வேலை யாருடையது என்று கேட்டிருந்தாய். நீ எதிர்பார்ப்பது போர்க்கப்பல் தலைவனையோ நீர்மூழ்கித் தலைவனையோதான். நான் சொல்வது அவர்களுக்கு முன்னால் போகிறவனை; கடற்கண்ணி அகற்றுகிறவனை.

பழைய கடற்கண்ணி என்பது வெடிமருந்து நிரப்பிய இரும்பு உருண்டை. கடலடியில் கிடக்கும் பாரத்தோடு கம்பிவடத்தால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதன் ஈயக் கொம்பில் கப்பல் மோதினால் உள்ளே கண்ணாடிக் குப்பி உடையும். அதிலிருந்து வழியும் அமிலம் மின்சாரத்தை உண்டாக்க, கண்ணி வெடிக்கும். அகற்றுவதற்கு, நம் விசைப்படகுகள் இரட்டை மடி இழுப்பதுபோல, இரண்டு கப்பல்கள் நடுவே ஒரு வடத்தை இழுத்துக்கொண்டு போகும். வடம் கண்ணியின் கட்டை அறுத்ததும் உருண்டை மேலே வரும். துப்பாக்கியால் சுட்டு அழிப்பார்கள்.

இந்த வேலையில் தேர்ந்தவர் ஃப்ரீட்ரிஷ் ரூகே. 1894-இல் லைப்சிக்கில் பிறந்தவர். 1914-இல் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்து டார்பிடோ படகுகளில் பணியாற்றினார். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியின் கப்பல்கள் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் சிறைப்பட்டிருந்தன. பிரிட்டன் கைக்குப் போகக் கூடாதென்று 1919 ஜூன் 21 அன்று ஜெர்மானியரே அவற்றை மூழ்கடித்தார்கள். இளம் அதிகாரி ரூகேயும் அவர்களில் ஒருவர். அதன்பின் கண்ணி அகற்றுவதையே தொழிலாக்கிக்கொண்டார். 1937-இல் கண்ணி அகற்றும் கப்பல்களின் தலைவரானார்.

இரண்டாம் உலகப் போரில் காந்தக் கண்ணி பரவலானது. கடலடியில் கிடந்தபடியே, மேலே போகும் எஃகுக் கப்பலின் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும். அறுக்க வடமே இல்லை! மின்காந்தப் புலத்தை உண்டாக்கி, கண்ணியைத் தூரத்திலேயே வெடிக்க வைக்க வேண்டியிருந்தது.

1942 பிப்ரவரியில் பிரான்ஸின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசெனாவ், பிரின்ஸ் ஆய்கன் என்ற மூன்று பெரிய ஜெர்மன் கப்பல்கள் ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தப்பின. கண்ணிகளை அகற்றி அவற்றுக்கு வழி செய்து கொடுத்தவை ரூகேயின் படகுகள். அப்படியும் முதல் இரண்டும் கடைசிக் கட்டத்தில் கண்ணிகளால் சேதமடைந்தன, ஆனால் மூழ்கவில்லை. தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய சாதனை. ஆனால் அந்தப் பாதையில் போனவை ஹிட்லரின் கப்பல்கள்.

1943 இறுதியில் ரூகே, ஜெர்மன் தளபதி ரோமலின் கடற்படை ஆலோசகரானார். கண்ணி அகற்றியவர், பிரான்ஸின் நார்மண்டிக் கரைக்கு எதிரே இன்னும் கண்ணி போடச் சொல்லி வாதாடினார். கடற்படைத் தலைமை முழுமையாக இசையவில்லை. 1944 ஜூன் 6 விடிவதற்குள் நேச நாடுகளின் கண்ணி அகற்றும் கப்பல்கள் பத்துப் பாதைகளைத் திறந்தன. அவற்றின் வழியே வந்த படை மேற்கு ஐரோப்பாவை விடுவிக்கத் தொடங்கியது.

இருதரப்பும் செய்தது ஒரே வேலைதான். துணிவிலும் கைத்திறனிலும் யாரும் குறைந்தவரில்லை. வித்தியாசம், பின்னால் வந்தவர்களில்தான்.

1956-இல் மேற்கு ஜெர்மனி புதிய கடற்படையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக ரூகே வந்தார். இம்முறை அவருக்கு மேலே இருந்தது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. 1961-இல் ஓய்வு பெற்று, ட்யூபிங்கனில் பாடம் நடத்தினார், நூல்கள் எழுதினார், 1985-இல் மறைந்தார்.

நீ பொறியியல் படிக்கப் போகிறாய். வேலையை எப்படிச் செய்வது என்று கல்லூரி சொல்லித்தரும். யாருக்காகச் செய்கிறோம் என்ற கேள்வியை நீயேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் வேலையில் சேர்வதற்கு முன்பே.

அன்புடன்,
மாமா