ஊர் பார்க்கும் முறை: மருமகளுக்கு ஒரு கடிதம்

சிரம்பான்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போர்ச்சுகல் தேசத்தை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை உனக்கு உண்டாகியிருப்பதையும், லிஸ்பன் நகரத்தின் கோபுரங்களையும் மடங்களையும் நீலச் சித்திர ஓடுகள் பதித்த சுவர்களையும் பற்றி நூலகத்துப் புத்தகத்தில் நீ படித்திருப்பதையும் அறிந்து மகிழ்ந்தேன். பால்மரக் காட்டில் பிறந்த பெண்ணுக்கு அட்லாண்டிக் கரையைப் பற்றிய நினைப்பு எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் அப்படிக் கேட்க மாட்டேன். காலம் கூடிவரும்போது அவசியம் போய் வா. அங்கே எதை முதலில் பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லுமுன், ஓர் ஊரைப் பார்ப்பது எப்படி என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுமையுடன் படி.

பழைய கட்டடம் எதன் முன் நின்றாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகு. இது யாருடைய பணத்தில் எழுந்தது? யாருடைய கைகள் இதைக் கட்டின? இன்று இதைக் காப்பாற்றி வருகிறவர் யார்? இம்மூன்றுக்கும் விடை தேடாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவன், கல்யாண வீட்டுக்குப் போய்ப் பந்தலைப் பார்த்துவிட்டு மணமக்களைப் பாராமலே வந்தவனைப் போன்றவன்.

லிஸ்பனையே உதாரணமாக எடுத்துக்கொள். அந்நகரின் பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடம் என்று ஒன்று உண்டு. முதலாம் மானுவேல் அரசனின் காலத்தில், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பத் தொடங்கிய அம்மடத்தின் தூண்களில் கயிறும் கொடியும் கடற்பொருள்களுமாகச் செதுக்கியிருக்கும் வேலைப்பாட்டைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஆனால் முதற்கேள்வியைக் கேட்டுப் பார்: ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த சரக்குகளின்மேல் விதித்த நூற்றுக்கு ஐந்து பங்கு வரியே அதற்கு மூலதனமாயிற்று என்று சரித்திரம் விடை சொல்லும். 1498இல் கோழிக்கோட்டுக்குக் கப்பல் கொண்டுவந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை அந்த மடத்துத் தேவாலயத்திற்குள்ளேயே இருக்கிறது. அதே மானுவேலின் ஆட்சியில்தான், 1511இல், போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகெர்க் நம் பக்கத்து மலாக்காவைப் பிடித்தார். ஆக, மலையாளக் கரையின் மிளகும் மலாக்காச் சந்தையின் வாசனைத் திரவியங்களும் அங்கே கல்லாகச் சமைந்து நிற்கின்றன. 1755ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தில் லிஸ்பன் நகரம் இடிந்து எரிந்தபோதும் பெருஞ்சேதமின்றித் தப்பிய அம்மடத்தின் முன் நிற்கும் நாளில், இந்தச் சம்பந்தத்தை அறிந்தவளாய் நிற்பாயானால் உன் பிரயாணம் பயனுடையதாகும்.

இந்தப் பழக்கத்தை லிஸ்பனுக்குப் போய்த்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. போர்ட்டிக்சனுக்கு அப்பால் தஞ்சோங் துவான் முனை இருக்கிறதல்லவா? நம் நெகிரி செம்பிலானின் நிலத்தைக் கடந்தே போக வேண்டியிருந்தாலும் ஆட்சி உரிமையால் மலாக்காவைச் சேர்ந்த சிறு வனம் அது. அங்கே கலங்கரை விளக்கம் வைத்தவர்களில் முதல்வர்கள் அதே போர்ச்சுக்கீசியர். இன்று நாம் காணும் கோபுரம் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. 1606இல் டச்சுக்காரர்களும் போர்ச்சுக்கீசியரும் அம்முனைக்கு அருகே கடற்போர் புரிந்தனர். 1641இல் மலாக்கா டச்சுக்காரர் வசமாயிற்று. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் சுமத்திராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள் அந்த முனையில்தான் கரையேறுகின்றன. கடல்மேல் வெப்பக்காற்று மேலெழுவதில்லையாகையால் சிறகடித்துச் சிறகடித்துக் களைத்து வருகிற அவை, நிலத்தை அடைந்ததும் மரங்களுக்குச் சற்று மேலே வட்டமிட்டு, எழும் காற்றைப் பற்றிக்கொண்டு மறுபடியும் உயரே போவதைக் காணலாம். காலையில் வெயில் ஏறிய பிறகு போ. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்.

அடுத்து நீ பார்க்க வேண்டிய ஸ்தலம் ஸ்ரீ மெனாந்தி. சிரம்பானிலிருந்து கோலப்பிலாவுக்குப் போகும் வழியில் புக்கிட் பூத்துஸ் கணவாயைக் கடக்கும்போதே பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கவனித்துக்கொண்டு வா. 1875ஆம் ஆண்டின் கடைசியில் ஸ்ரீ மெனாந்தியை ஆண்ட யாம்துவான் அந்தாவின் ஆட்கள் அரண் அமைத்து ஆங்கிலேயப் படையை எதிர்த்த இடம் அது. எதிர்த்து வந்த அந்தப் படையில் இந்தியாவிலிருந்து வந்த கூர்க்காச் சிப்பாய்களும் இருந்தார்கள். அந்த யுத்தத்தில் ஸ்ரீ மெனாந்தியின் அரண்மனை தீக்கிரையாயிற்று. இன்று நாம் காண்பது பிற்பாடு 1902 முதல் 1908 வரை கட்டிய மர மாளிகை. தொண்ணூற்றொன்பது தூண்கள்; அவை பழங்காலத்துத் தொண்ணூற்றொன்பது வீரர்களைக் குறிக்கும் என்பது ஐதிகம். ஓர் இரும்பாணிகூட அடிக்காமல், மரத்தோடு மரத்தைக் கோத்து மர ஆப்பால் இறுக்கியிருக்கிறார்கள். தூணுக்குக் கிட்டே போய், செதுக்கியிருக்கும் கொடியையும் இலையையும் விரலால் தொடர்ந்து பார். கொடி தொடங்கிய இடம் எது, முடிந்த இடம் எது என்று கண்டுபிடிப்பது சிரமம். இங்கே நம் இரண்டாம் கேள்விக்குக் கிடைக்கும் விடை அபூர்வமானது: கஹார், தாயிப் என்ற இரண்டு மலாய்த் தச்சர்களின் பெயர்கள் இன்றும் வழங்கி வருகின்றன. உலகத்தின் எத்தனையோ பெரிய மாளிகைகளில் கட்டுவித்த அரசனின் பெயர் இருக்கும், கட்டிய தச்சனின் பெயர் இராது என்பதை நினைவில் வை.

1930களின் தொடக்கம் வரை அரச குடும்பம் வாழ்ந்த அந்த மாளிகை 1992இல் அரும்பொருளகமாயிற்று. புறப்படுமுன் அது திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொள். அங்கே அரசரைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதே. சுற்றியுள்ள கம்பத்து வீடுகளின் வழக்கத்தையும் கேள். சுமத்திராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த அடாட் பெர்ப்பாத்தே என்ற முறைப்படி, குலத்து நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போகிறான். ஒரே சூக்குவை, அதாவது ஒரே தாய்வழிக் குலத்தை, சேர்ந்தவர்கள் தங்களுக்குள் மணம் செய்வதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலேயே 1909இல் இந்த நில உரிமைக்குத் தனிச்சட்டம் பிறந்தது. தாயின் சகோதரனுக்கு அங்கே இருக்கும் மதிப்பைக் கேட்டறிந்தால், உன் மாமன் இத்தனை நீளமாக உபதேசம் செய்வதையும் நீ மன்னித்துவிடுவாய்! அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் உண்டாங் தலைவர்களிடமே இருக்கிறது. இந்த மாநிலத்து அரசராயிருந்த துவாங்கு அப்துல் ரஹ்மான்தான் 1957இல் மலாயாவின் முதல் மாமன்னரானார். ஸ்ரீ மெனாந்தியிலேயே அடக்கமாகியிருக்கும் அவருடைய முகத்தை நம் ரிங்கிட் நோட்டில் தினமும் பார்க்கிறோம்.

இனி நீ எதிர்பாராத ஓர் இடத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவிலேயே, ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோமில், ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அரும்பொருளகம் உண்டு. யந்திரத் தொழில் பெருகிக் கிராம வாழ்க்கை மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஆர்தர் ஹசேலியுஸ் என்பவர் குடியானவர் வீடுகளையும் களஞ்சியங்களையும் அந்தந்த ஊரில் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து, ஒரு குன்றின்மேல் மறுபடியும் நிறுத்தினார். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் பாதை திறந்த அதே 1891இல்தான் ஸ்கான்செனும் திறந்தது. உலகத்தார் இன்று பணம் கொடுத்துச் சீட்டு வாங்கி உள்ளே போய்ப் பார்ப்பது, ஒரு காலத்தில் ஏழைக் குடியானவன் படுத்துறங்கிய குடிசையையும் அவன் மனைவி ரொட்டி சுட்ட அடுப்பையும்தான். எது காட்சிப் பொருளாகிறது? காப்பாற்ற ஒருவர் முன்வந்தது காட்சிப் பொருளாகிறது. முன்வராதது மண்ணோடு போகிறது.

நம் தோட்டத்தை இப்போது அந்த மூன்று கேள்விகளால் பார். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளின் வழித்தோன்றல்களே இங்குள்ள பால்மரங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மோட்டார் வண்டிகள் பெருகி டயருக்கு ரப்பர் தேவைப்பட்டபோது, லண்டன் கம்பெனிகளின் பணம் இந்தக் காடுகளை அழித்துத் தோட்டமாக்கிற்று. கைகளோ நம் முன்னோர்களுடையவை. பொழுது விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன உன் பாட்டி, பட்டையை இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சாய்வாக வெட்டுவாள். உளி சற்றே ஆழ்ந்து கட்டையைத் தொட்டுவிட்டால் அவ்விடம் புண்ணாகி முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே வெட்டு விழாது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் அந்த இருட்டு வேளை. இத்தனை நுட்பமான கைவேலைக்கும் கஹாரின் தச்சு வேலைக்கும் தராதரம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 1942, 43ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அவர்கள் வெட்டிவந்த மரங்களை மற்றவர்கள் வெட்டினார்கள்.

மூன்றாம் கேள்விக்கு வரும்போதுதான் விடை இல்லாமல் நிற்கிறோம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. லயத்து வீடுகளும் ஆயாக்கொட்டகையும் ஆலையின் புகைவீடும் இருந்த இடம் தெரியாமல் மறைகின்றன. லயத்து வாழ்க்கை வறுமையும் அவமதிப்பும் நிறைந்ததாயிற்றே, அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று நம்மவர்களே கேட்பதுண்டு. அது நியாயமான கேள்விதான். துன்பத்தைப் புகழ்ந்து பாடுவதற்காகக் காப்பாற்றச் சொல்லவில்லை; யார் கை இந்த நாட்டின் செல்வத்தை உண்டாக்கிற்று என்பதற்குச் சாட்சி வேண்டுமாகையால் சொல்லுகிறேன். லிஸ்பன் மடத்திலே மிளகுக்கொடியை நட்டவனுக்குக் கல்லறை இல்லை என்பதை மறவாதே.

உனக்கும் எனக்கும் வீடுகளைப் பெயர்த்துக் குன்றின்மேல் நிறுத்தச் சக்தி இல்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சக்தி உண்டு. வருகிற பள்ளி விடுமுறையில், உங்கள் தோட்டத்தில் மிகவும் வயதானவர்களிடம் போய் உட்கார். லயங்கள் எந்தத் திசை பார்த்து நின்றன, தண்ணீர்க் குழாய் எங்கே இருந்தது, கிராணி வீடும் துரை பங்களாவும் எத்தனை தூரத்தில் இருந்தன என்று கேட்டு ஒரு வரைபடம் போடு. உளி, மங்கு, வாளி, கட்டிப்பால் முதலிய ஒவ்வொன்றையும் எப்படிக் கையாண்டார்கள் என்று அவர்கள் வாய்மொழியாகவே எழுது. மாரியம்மன் கோயிலுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்களைக் கேள். கஹாருக்கும் தாயிப்புக்கும் கிடைத்த அந்த மரியாதை அவர்களுக்கும் கிடைக்கட்டும். எழுதி முடித்ததும் ஒரு பிரதியை உன் பள்ளிக்கூடத்துக்குக் கொடு. மற்றொன்றை எனக்கு அனுப்பு. பிழை இருந்தால் திருத்தி அனுப்புவேன். லிஸ்பனில் எங்கெங்கே போகலாம் என்ற பட்டியலையும் அதோடு சேர்த்தே அனுப்புகிறேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மாமா