எங்கிருந்து வந்தது? அண்ணனுக்கு 1918, தம்பிக்கு 1966

கே: பழனியில் விஞ்சுக்கு வரிசையில் நின்றபோது என் மகள் செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஜப்பானில் பூனை முகம் வைத்த ரயில் ஒன்று இதே மாதிரி கயிற்றில் மலை ஏறுகிறது. விஞ்ச் அங்கிருந்துதான் நமக்கு வந்ததா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

ப: உங்கள் மகள் காட்டியது இகோமா மலை ரயிலாகத்தான் இருக்கும். ஒசாகாவுக்குக் கிழக்கே, நாரா மாகாணத்தில் ஓடுகிறது. பூனை முகப் பெட்டிக்கு மிகே என்று பெயர். அதோடு ஜோடி சேர்ந்து ஓடும் நாய்முகப் பெட்டிக்கு புல். முகங்கள் அண்மைக்கால அலங்காரம்தான், பாதை பழசு. 1918 ஆகஸ்ட் 29-ல் திறந்தார்கள். ஜப்பானில் பயணிகளை ஏற்றிய முதல் கயிற்று ரயில் அதுதான்.

ஆனால் பிறந்த இடம் ஜப்பான் இல்லை. ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் கோட்டைக்குச் சாமான் ஏற்றிய பாதையைப் பற்றி 1515-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று மரத் தண்டவாளம், சணல் கயிறு. இழுத்தது மனிதர்களோ மாடு குதிரைகளோதான். பிரான்சின் லியோன் நகரத்தில் 1862-ல் ஊர் மக்கள் மேட்டுத் தெருவுக்குப் போய்வர இதே முறையில் ரயில் விட்டார்கள்.

இந்த ரயிலின் சூட்சுமம் எடைதான். ஒரே கயிற்றின் இரு முனையிலும் இரண்டு பெட்டிகள். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியது போல, இறங்குகிற பெட்டி ஏறுகிற பெட்டியை இழுத்துக் கொடுக்கிறது. உச்சியில் இருக்கும் மோட்டார் மிச்சமுள்ள எடையையும் உராய்வையும் சமாளித்தால் போதும். அதனால்தான் பெட்டிக்குள் எஞ்சின் கிடையாது. இரண்டு பெட்டியும் ஒரே பாதையில் வந்தால் நடுவில் எப்படி விலகும்? இதற்கு வழி கண்டவர் கார்ல் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். 1879-ல் கீஸ்பாக் என்ற இடத்தில், ஏரிக்கரையிலிருந்து மேட்டிலிருக்கும் ஹோட்டலுக்குப் போட்ட பாதையில், நட்டநடுவே மட்டும் தண்டவாளத்தை இரண்டாகப் பிரித்துச் சேர்த்தார். பின்னால் சக்கரத்தையும் மாற்றினார். பெட்டியின் ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தை இருபுறமும் கவ்வும், மறுபக்கச் சக்கரம் விளிம்பே இல்லாமல் உருளை போல இருக்கும். ஆகவே ஒரு பெட்டி எப்போதும் இடப்பக்கம் ஒதுங்கும், மற்றது வலப்பக்கம். நகர்கிற பாகம் ஒன்றும் இல்லை, பாயிண்ட் மாற்ற ஆளும் வேண்டாம். இவ்வளவு எளிதாக முடியும் வேலைக்கு முன்பு எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்களோ!

அதே ஆப்ட் அமைத்த பல்சக்கர முறையில்தான் நம் ஊட்டி ரயிலும் ஏறுகிறது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. அது வேறு ஜாதி. அங்கே எஞ்சினே பல்லைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும், கயிறு இல்லை.

இகோமாவுக்கு வருகிறேன். எனக்கு இதில் பிடித்த பகுதியே அங்கே ரயில் யாருக்காக வந்தது என்பதுதான். மலையில் இருப்பது ஹோசான்-ஜி கோயில், 1678-ல் தோன்றியது. அங்கே ஒசாகா வியாபாரிகள் விழுந்து விழுந்து கும்பிடும் சாமி காங்கிதென். யானை முகம். ஆமாம், நம்ம பிள்ளையார்தான், பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய்ச் சேர்ந்தவர். அங்கே கொழுக்கட்டைக்குப் பதில் முள்ளங்கி படைக்கிறார்கள்; சிலையைப் பொதுவாகக் கண்ணில் காட்டுவதில்லை.

ஒசாகா-நாரா ரயில் கம்பெனி 1914-ல் இகோமா மலையைக் குடைந்து சுமார் 3.4 கிலோமீட்டர் சுரங்கம் போட்டதில் கஜானா காலி. கம்பெனிக்காரர்கள் மலையேறிப் போய்க் கோயிலில் கை நீட்டினார்கள். உண்டியல் காசைக் கடனாகக் கொடுத்து, ஈடாக ரயில் டிக்கெட்டுகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது கோயில். நான்கு வருடம் கழித்துப் பக்தர்களுக்காகக் கயிற்று ரயிலும் வந்தது. கூட்டம் தாங்காமல் 1926-ல் பக்கத்திலேயே இரண்டாவது பாதை.

பழனிக் கதையும் ஏறக்குறைய இதுதான். படி 693; யானைப் பாதையில் போனால் சற்றுச் சுலபம், ஆனாலும் நடைதான். முழங்கால் வலிக்காரர்களுக்காக 1966-ல் முதல் விஞ்ச் வந்தது, கூட்டம் பெருகப் பெருக எண்பதுகளில் இன்னும் இரண்டு. 2004-ல் வந்த ரோப் கார் அந்தரத்தில் தொங்கிப் போவது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஐரோப்பாவில் கோட்டையும் ஹோட்டலும் வளர்த்த ரயிலை இங்கே அண்ணனும் தம்பியும் வளர்த்தார்கள் என்பேன். தம்பிக்குத்தான் நாற்பத்தெட்டு வருடம் தாமதம்!

கே: பெங்களூரு பக்கத்தில் இப்படி ஏதாவது உண்டா?
- வாசகர், பிரேசர் டவுன்

ப: சாமிக்கு இல்லை, கரண்டுக்கு உண்டு. சிவசமுத்திரத்தில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய மின்நிலையம் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. ஊழியர்கள் கயிற்றில் இழுக்கும் டிராலியில் இறங்கிப் போவார்கள். 1902-ல் அங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. 1905-ல் பெங்களூருத் தெருவிளக்குகளுக்கு. நீலகிரியில் கிளென்மார்கனிலிருந்து பைக்காரா மின்நிலையத்துக்கு இறங்கும் விஞ்சும் இதே வகைதான். இரண்டுமே வேலைக்காரர்களுக்கானவை, அனுமதி இல்லாமல் போய் நின்றால் காவலாளி திருப்பி அனுப்பிவிடுவார்.