உறையாத வடகடல்

நார்வே நாட்டின் வடகோடியில், 70 டிகிரி அட்சரேகையை ஒட்டி ஃபின்மார்க் என்றொரு மாவட்டம் இருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 48,600 சதுர கிலோமீட்டர். கேரளத்தை விடப் பெரிது. ஜனத்தொகையோ சுமார் 75,000 தான்!

அவ்வளவு வடக்கே கடல் கட்டியாக உறைந்து கிடக்கும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அந்தக் கரையை ஒட்டி ஓடுவதால், துறைமுகங்கள் குளிர்காலத்திலும் திறந்தே இருக்கின்றன. அதனால்தான் மனுஷன் அங்கே பிழைக்க முடிகிறது.

பிழைப்புக்குக் காட் மீன். நம்ம ஊர் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். அங்கே இரண்டும் வேண்டாம். இரண்டிரண்டு மீனாக வாலைச் சேர்த்துக் கட்டி, பிப்ரவரியில் மரச்சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். மே மாதத்துக்குள் குளிர்காற்றே காயவைத்துவிடும். ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுண்டிப் போகும். அது இத்தாலிக்கும் நைஜீரியாவுக்கும் கப்பலேறுகிறது.

ஹாமர்ஃபெஸ்ட் என்ற ஊரில் நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி 21 வாக்கில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். 1890-களின் தொடக்கத்திலேயே நீர்மின்சாரத்தில் தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். (எலெக்ட்ரிகல் மாணவன் இதைச் சொல்லாமல் விடலாமா?) 1944-ல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரையே கொளுத்தியது. ஜனங்கள் திரும்பி வந்து கட்டிக்கொண்டார்கள். 2007 முதல் ஸ்னோவிட் எரிவாயு, சுமார் 140 கிலோமீட்டர் கடலடிக் குழாய் வழியாக அங்கே கரையேறுகிறது.

உள்நாட்டில் கலைமான் மேய்க்கும் சாமி மக்கள் வாழ்கிறார்கள். ஆல்டா ஆற்றில் அணை கட்டும் முதல் திட்டத்தில் மாசே என்ற அவர்கள் கிராமமே மூழ்கியிருக்கும். அதைக் கைவிட்டு, சிறிய திட்டம் போட்டார்கள். அதையும் எதிர்த்து 1979-லிருந்து போராட்டம். 1981-ல் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களைப் போலீஸ் தூக்கிச் சென்றது. அணை வந்தது, 1987-ல் 150 மெகாவாட் மின்நிலையமும் ஓடத் தொடங்கியது. ஆனால் அந்தப் போராட்டத்தின் பலனாகவே 1989-ல் கராஷோக்கில் சாமி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. நம் பாடப்புத்தகத்தில் அணையின் உயரம், நீரழுத்தம், டர்பைன் வகை எல்லாம் இருக்கிறது. மூழ்கும் கிராமத்துக்காரரிடம் எப்போது கேட்பது என்ற அத்தியாயம் மட்டும் இல்லை.

இன்னொரு விஷயம். 1990 முதல் ஃபின்மார்க்கில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்குக் கல்விக் கடனில் ஒரு பங்கை வருஷா வருஷம் அரசே தள்ளுபடி செய்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான், அதுவும் கடனில். அதனால் அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அப்படியும் அங்கத்திய இளைஞர்களில் பலர் படித்து முடித்ததும் தெற்கே போய்விடுகிறார்களாம்.