கணினிக்குள் கணினி: அங்கே காலத்தை அளப்பது எப்படி?

இயற்பியல் கணக்கில் எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்தும் அலகை எழுதாமல் விட்டால் விடை முழுமை பெறாது. "தூரம் 20" என்றால் அது மீட்டரா, கிலோமீட்டரா? நாம் அனைவரும் அறிந்த இந்தச் சிறு விதியைக் கணினி வல்லுநர்களும் தங்கள் வேலையில் நினைவுகூர வேண்டி வந்தது. அதையே இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு பெரிய வீட்டில் பல குடித்தனங்கள் இருப்பதுபோல, ஒரே கணினியில் பல கணினிகள் இயங்க முடியும். உண்மையில் இருப்பது ஒரே இயந்திரம்தான். ஆனால் ஒவ்வொன்றும் தான் தனிக் கணினி என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்யும். இவற்றை மெய்நிகர் கணினிகள் என்பர். இவற்றுக்கு இடமும் நேரமும் பங்கிட்டுத் தரும் வீட்டுக்காரர் போன்றது கர்னல் என்னும் மைய நிரல். லினக்ஸ் கர்னலில் இப்பணிக்கென அமைந்த கே.வி.எம். என்னும் பகுதி 2007-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது.

மெய்நிகர் கணினி சில வேலைகளைத் தானே செய்துகொள்ள இயலாது. அப்போது அது நின்று, கர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். கர்னல் அவ்வேலையை முடித்தபின் மீண்டும் தொடரும். ஒரு வினாடிக்குள் இது பல்லாயிரம் முறை நிகழக்கூடும். எங்கே தாமதம் ஏற்படுகிறது என்று அறிய, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அது நடந்த நேரத்தோடு குறித்து வைப்பார்கள். இதுவே தடமறிதல். நேரம் தவறானால், குற்றமற்ற பகுதியின்மேல் பழி விழும். உண்மையான குறை மறைந்துகொள்ளும்.

அந்த நேரத்தை எப்படிக் குறிப்பது? 1993-இல் வெளிவந்த பென்டியம் செயலியில் ஒரு எண்ணி இருந்தது. செயலியின் ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒன்று கூடும். பவர் பி.சி. செயலியில் வேறு வகை எண்ணி உண்டு. எந்தச் செயலியானாலும் அதன் எண்ணியைப் படித்துத் தர லினக்ஸில் 'கெட் சைக்கிள்ஸ்' என்னும் செயற்கூறு இருக்கிறது. கே.வி.எம்.மின் தடமறியும் கருவி முதலில் இதையே பயன்படுத்தியது. விரைவான வழிதான், ஆனால் குறைகள் மூன்று.

முதற்குறை, அலகு இல்லாமை. ஒரு கணினியின் எண்ணி வினாடிக்கு 300 கோடி முறையும், மற்றொன்றின் எண்ணி 160 கோடி முறையும் கூடுவதாகக் கொள்வோம். ஒரே வேலைக்கு முதற்கணினி 3000 என்றும் இரண்டாவது 2400 என்றும் காட்டுகின்றன. இரண்டாவதே விரைவானது என்று தோன்றுகிறதல்லவா? வகுத்துப் பாருங்கள். முதலாவது எடுத்துக்கொண்டது 1000 நானோ வினாடி. இரண்டாவது 1500 நானோ வினாடி! சிறிய எண்ணைக் காட்டியதே மெதுவான கணினி. (நானோ வினாடி என்பது ஒரு வினாடியின் 100 கோடியில் ஒரு பங்கு.)

இரண்டாவது குறை, சில 32 பிட் கணினிகளில் அந்த எண் ஏறக்குறைய 429 கோடியை எட்டியதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். வினாடிக்கு 100 கோடி வீதம் எண்ணினால், 4.3 வினாடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். மூன்றாவது குறை, எண்ணியே இல்லாத செயலியில் 'கெட் சைக்கிள்ஸ்' எப்போதும் சுழியத்தையே விடையாகத் தரும். முள் இல்லாத கடிகாரத்தால் என்ன பயன்?

இதற்கு 2008-இல் தீர்வு காணப்பட்டது. அந்தக் கருவியில் 'கெட் சைக்கிள்ஸ்' நீக்கப்பட்டு, 'கேடைம் கெட்' என்னும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. இது அந்தந்தக் கணினியில் நம்பத்தக்க எண்ணியைக் கர்னல் வழியாகப் படித்து, தக்க எண்ணால் பெருக்கி, நானோ வினாடியாக மாற்றித் தருகிறது. யாரேனும் கணினியின் தேதியையும் மணியையும் திருத்தினாலும் இது பின்னோக்கிச் செல்லாது. செயலி எதுவாயினும் அலகு ஒன்றே. ஆகவே இரு கணினிகளின் அளவுகளை அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. எண்ணியை நேராகப் படிப்பதைவிட, படித்து மாற்றுவதற்குச் சற்றுக் கூடுதல் நேரமாகும். மேலும், மெய்நிகர் கணினி தனக்குள் காணும் எண்ணியின் மதிப்பும் வீட்டுக்காரக் கணினியின் மதிப்பும் பொதுவாக ஒன்றல்ல. இடையே ஒரு வேறுபாடு இருக்கும். அதை அறிந்து கழித்த பின்னரே இரண்டின் குறிப்புகளையும் ஒரே வரிசையில் அடுக்க வேண்டும்.

கே.வி.எம்.மின் அந்தத் தனிக் கருவி 2009-இல் நீக்கப்பட்டு, கர்னல் முழுமைக்கும் பொதுவான தடமறியும் முறை அதன் இடத்தைப் பெற்றது. அம்முறையில் எந்தக் கடிகாரம் வேண்டும் என்று ஆய்வாளரே தேர்ந்தெடுக்கலாம். நேரத்தை விட்டு, எது முன், எது பின் என்ற வரிசையை மட்டும் காட்டும் எண்ணியும் அவற்றுள் ஒன்று. கருவி மறைந்தாலும், அது கற்பித்த பாடம் மறையவில்லை.

அன்பு மாணவியரே! நம் கணக்கை நாம் மட்டும் புரிந்துகொண்டால் போதாது. வேறோர் இடத்தில் வேறொருவர் எடுத்துப் பார்த்தாலும் அதே பொருளைத் தர வேண்டும். அளவு என்பது அதுவே. அடுத்த முறை விடைத்தாளில் எண்ணை எழுதியதும் பேனாவை மூடிவிடாதீர்கள். அலகையும் எழுதுங்கள்!