கூரையை உயர்த்துமுன்: பள்ளிப் பேருந்தை வீடாக்குவோருக்கு

அமெரிக்காவில் பழைய மஞ்சள் பள்ளிப் பேருந்தை வாங்கி வீடாக்குவோர் அதை ‘ஸ்கூலி’ என்கிறார்கள். உள்ளே தலை தட்டுவதால், கூரையை ஓர் அடி உயர்த்தலாமா என்ற ஆசை பலருக்கும் வருகிறது. உயர்த்தலாம். ஆனால் எதை அறுக்கப் போகிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும்.

ஒரு பக்கத் தரையோரத்தில் எழும்பி, கூரையில் வளைந்து, மறுபக்கம் இறங்கும் எஃகு வில்கள்தான் அந்த வண்டியின் விலா எலும்புகள். 1977 முதல் நடப்பிலுள்ள 220ஆம் எண் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி கடுமையானது. வெற்று வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு பாரத்தைக் கூரைமேல் அழுத்தினாலும் அது 130 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கக் கூடாது. வண்டி கவிழ்ந்தால் குழந்தைகளைக் காப்பது அதுதான். கூரையை உயர்த்துகிறவர் அந்த வில்களைத்தான் அறுக்கிறார்.

உயரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பல மாநிலங்களில் வண்டியின் உச்ச உயரம் 13 அடி 6 அங்குலம். சோலார் பலகையும் புகைக்குழாயும் அதற்குள் அடங்க வேண்டும்.

பேருந்தைச் சமதளத்தில் நிறுத்தி, உட்கூரைத் தகடுகளையும் அவற்றின் பின்னுள்ள வெப்பத்தடுப்புப் பஞ்சையும் முழுவதும் பிரித்தெடுங்கள். வெல்டிங் பொறி பஞ்சில் விழுந்தால் தீ பிடிக்கலாம். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். பிறகு வண்டிக்குள் குறுக்கும் மூலைவிட்டமுமாகச் சட்டங்களை வெல்டிங் செய்யுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டால், வில்களை அறுத்ததும் பக்கச் சுவர்கள் விரிந்துவிடும். பழைய நேருக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

கூரையின் பாரத்தை ஜாக்கிகள் தாங்கிய பிறகே ஜன்னல் மட்டத்தில் வில்களை அறுக்க வேண்டும். நான்கு மூலையும் சிறிது சிறிதாக, ஒன்றாக ஏறட்டும். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பாருங்கள்.

இடையில் சேர்க்கும் எஃகுத் துண்டு பழைய வில்லைவிடக் கனம் குறையக் கூடாது. முனையோடு முனை வைத்துப் பற்றவைப்பதை நான் ஏற்க மாட்டேன். புதுத் துண்டு இரு பக்கமும் பழைய வில்லுக்குள் சில அங்குலமாவது நுழைந்து நிற்க வேண்டும். துத்தநாகப் பூச்சு இருந்தால் பற்றவைக்குமுன் தேய்த்து எடுங்கள். அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

வில் உயர உயர, பக்கவாட்டில் ஆடும் போக்கும் கூடும். அதை அடக்குவது வெளித்தகடு. ஜன்னல் இருந்த இடங்களில் எஃகுத் தகட்டை இழுத்துப் போர்த்தி, நெருக்கமாக ரிவெட் அடியுங்கள். திருகாணி வேண்டாம், ஓட்டத்தின் அதிர்வில் கழன்றுவிடும். தகடு ஏறும்வரை உள்சட்டங்களை எடுக்காதீர்கள்.

கூரையை உயர்த்தாதவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: புகைக்குழாய்க்கோ காற்றுப்போக்கிக்கோ துளை போடுவதானால் இரண்டு வில்களுக்கு நடுவில் போடுங்கள்.

வெல்டிங்கில் கை தேறாதவர்கள் வில் வேலையை மட்டுமாவது தேர்ந்த வெல்டரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் அந்தக் கூரையின் கீழ்தான் தூங்கப் போகிறார்கள்.