செல்லாக் காசு சொல்லும் செய்தி

ஒன்றுக்கும் உதவாதவனைச் "செல்லாக் காசு" என்று இகழ்தல் உலக வழக்கு. ஆயினும் பழங்காசு தொகுப்போர்க்குச் செல்லாக் காசே செல்வமாகும். அவற்றுள்ளும் அரசினர் அடியாது, வணிகர் தம் பெயராலே வெளியிட்ட வில்லைகள் ஒரு தனி வகையின. காசு விற்பனையையே தொழிலாகக் கொண்டோர் வெளியிட்ட வில்லைகளும் அவற்றுட் சில உள. நாணய ஆராய்ச்சியிற் புகுவோர் பலர் இவற்றை வெறும் கடை விளம்பரமென்று ஒதுக்குவர். அங்ஙனம் ஒதுக்குதல் தகாதென்பதை, இலண்டன் மாநகரில் வாழ்ந்த தாமஸ் ஸ்பென்ஸ் என்னும் காசு வணிகரின் வில்லைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இவ்வில்லைகள் தோன்றிய காரணத்தை அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து தேசத்திற் சில்லறைத் தட்டுப்பாடு மிகுந்தது. 1775-ஆம் ஆண்டிற்குப்பின் அரசாங்க அக்கசாலையார் செப்புக் காசு அடிப்பதை நிறுத்திவிட்டனர். புழங்கியவற்றுட் பல கள்ளக் காசுகள். தொழிற்சாலைகளோ பெருகின, ஆட்களுக்குக் கூலி கொடுக்கச் சில்லறை வேண்டியிருந்தது. ஆகவே 1787-இல் ஆங்கிள்சீ தீவின் செப்புச் சுரங்கக் கம்பெனியார் தம் பெயரால் வில்லைகளை வெளியிட்டனர். பிற ஊர் வணிகரும் அவ்வழியைப் பின்பற்றினர். 1797-இல் மாத்யூ போல்டன் என்பாரது பர்மிங்ஹாம் ஆலையில் அரசாங்கத்திற்காகப் புதிய செப்புப் பென்னிகள் அடிக்கப்பட்ட பின்னரே இவ்வழக்கம் தளர்ந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் இவற்றைத் தொகுக்கும் ஆசை நாடெங்கும் பரவிற்று. இப்ஸ்விச் நகரத்துத் துணி வணிகராகிய ஜேம்ஸ் காண்டர் 1798-இல் இவற்றிற்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். அதனால் இவை இன்றும் காண்டர் வில்லைகள் என்று வழங்குகின்றன.

ஸ்பென்ஸ் 1750-இல் நியூகாசில் நகரத்தில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். பள்ளி ஆசிரியராய் இருந்தவர். நிலம் தனியொருவர்க்கு உரியதன்று, ஊரார் அனைவர்க்கும் பொதுவாவது என்பதே அவர்தம் கொள்கை. ஒவ்வொரு திருச்சபை வட்டத்து நிலத்தையும் அவ்வட்டத்தாரே பொதுவிற் கொண்டு, வரும் குத்தகைப் பணத்திற் பொதுச் செலவு போக எஞ்சியதை ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றிச் சமமாய்ப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்றார். லேவியராகமத்திற் கூறப்படும் யூபிலி ஆண்டையும் தம் கொள்கைக்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். 1775-இல் நியூகாசில் தத்துவ சங்கத்தில் இதனை விரித்துரைத்து, அவ்வுரையை அச்சிட்டு விற்றமையால் அச்சங்கத்தினின்றும் நீக்கப்பட்டார்.

பின்னர் இலண்டன் சேர்ந்து, ஹோபர்னில் லிட்டில் டர்ன்ஸ்டைல் என்னும் சந்தில் 8-ஆம் இலக்கக் கடையிற் புத்தகமும் காசும் விற்றார். எட்மண்ட் பர்க் பாமர மக்களைப் பன்றிகளோடு ஒப்பிட்டெழுதினமையின், அதனையே வாங்கித் தம் பத்திரிகைக்குப் "பன்றித் தீனி" எனப் பொருள்படும் பெயரிட்டார். 1794-ஆம் ஆண்டு அரசத் துரோகம் என்னும் ஐயத்தின்பேரிற் பிடிபட்டு, விசாரணையின்றியே ஏழு மாதம் சிறையிருந்தார். விடுதலை பெற்றபின் அவர் வெளியிட்ட வில்லையொன்றின் தலைப்புறத்தில் அவரது உருவமும், அரசத் துரோகத்திற்காக ஏழு மாதம் சிறையிருந்தமை கூறும் எழுத்தும் உள்ளன. மன்னன் தலை இருக்கவேண்டிய இடத்திற் சிறையிருந்தோன் தலை! அச்சிட்ட நூலை எரிக்கலாம். கைக்குக் கை மாறும் செப்பை எங்ஙனம் எரிப்பது?

ஏனைய வில்லைகளும் கருதற்பாலன. ஒன்றிற் புரட்சிக்கு முன் என்ற எழுத்தோடு, சிறையில் எலும்பைக் கறிக்கும் மெலிந்த மனிதன். புரட்சிக்குப் பின் என்ற மற்றொன்றில் விருந்துண்பவனும் ஆடுவோரும். இன்னொன்றில், அடிமைகள் நடுவே என் விடுதலையைத் துய்க்கிறேன் என்று பூனை கூறுகின்றது. நன்றிக்கு நாயை உவமித்தல் நம்மனோர் மரபு. ஸ்பென்ஸின் நாயோ, மிகுந்த நன்றி அடிமைத்தனத்தையே தரும் என்று எச்சரிக்கின்றது.

இவ்விடத்தில் தொகுப்போர் ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ளல் வேண்டும். ஒரு வில்லையின் தலைப்புற அச்சை வேறொன்றன் பூப்புற அச்சோடு சேர்த்து அடித்துப் புதுவகைகளைப் பெருக்குதல் அக்காலக் காசு வணிகர்தம் உத்தி. தொகுப்போர் ஒவ்வொரு வகையையும் வாங்க முந்தினர். ஸ்பென்ஸும் அதனைச் செய்தார்; அவருடைய அச்சுகளைப் பெற்ற பீட்டர் ஸ்கிட்மோர் என்பார் பின்னும் மிகுதியாய்ச் செய்தார். ஆதலின் இருபுறமும் இணைந்து ஒரு கருத்தைத் தருவனவும் உள. விற்பனைக்கென்றே இணைத்தவையும் உள. யார் வெளியிட்டது, எவ்வச்சு எதனோடு சேர்ந்தது, விளிம்பில் யாது எழுதியுள்ளது என்னும் மூன்றனையும் வினவிய பின்னரே பொருள் கூறல் வேண்டும். அரியது எது என்று மட்டும் வினவுவோன் விலையை அறிவான், செய்தியை அறியான்.

ஸ்பென்ஸ் வணிகரா, கொள்கையாளரா என்று வினவின், இரண்டுமே என்க. 1795-இற் காசு தொகுப்போர்க்கு ஒரு கைந்நூலும் வெளியிட்டார்; அவர்தம் ஆசையே இவருடைய கருத்தைச் சுமக்கும் ஊர்தியாயிற்று. ஏழையின் கூற்றைக் கேளாத செல்வரும் அவர் வில்லையைப் பேழையில் வைத்துக் காத்தனர். இலாபம் நோக்காது வழிப்போக்கரிடையே வில்லைகளை வீசியதும் உண்டென்பர். நிலக்கிழார் வேண்டா என்பது போன்ற சொற்களை அரசாங்கக் காசுகளின்மேலும் பொறித்துப் புழங்கவிட்டனர்.

1814-இல் ஸ்பென்ஸ் வறியராகவே இறந்தார். 1817-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவர் பெயர் தாங்கிய சங்கங்களைப் பாராளுமன்றத்தார் தடைசெய்தனர். சங்கங்கள் மறைந்தன, வில்லைகளோ பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையிலும் தொகுப்போர் பேழைகளிலும் இன்றும் உள. அவை கடையில் இன்று செல்லாதன. ஆயினும், நிலம் யாருக்கு உரியது என்று அவர் எழுப்பிய வினா இன்னும் செல்லுபடியாகின்றது. காசு தொகுக்கும் மாணவ நண்பர்கள் அடுத்தமுறை ஒரு வில்லையைக் கையில் எடுக்குங்கால், அதன் எடையைப் பார்க்குமுன் எழுத்தைப் படிப்பாராக.