எந்தத் தரவுத்தளம் பொருந்தும்? குற்றாலச் சீசனிலிருந்து ஒரு பாடம்

பாடம்: கணினி அறிவியல், கணினிப் பயன்பாடுகள் (மேல்நிலை இரண்டாம் ஆண்டு)
நோக்கம்: திட்டத்திற்கேற்ற தரவுத்தளத்தைக் காரணம் கூறித் தேர்ந்தெடுத்தல்

எஸ்க்யூஎல் கட்டளைகளை மாணவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். சொந்தமாக ஒரு மென்பொருள் செய்யச் சொன்னால், "எந்தத் தரவுத்தளத்தை எடுக்கலாம்?" என்று தயங்குகிறார்கள். விடை மென்பொருளின் பெயரில் இல்லை. நாம் சேமிக்கும் தரவின் தன்மையில் இருக்கிறது. இதைத் தென்காசிப் பகுதியின் மூன்று சூழல்களைக் கொண்டு கற்பிக்கலாம்.

1. விடுதி அறைப் பதிவு

சீசன் நேரம். விடுதியில் ஓர் அறைதான் மிச்சம். ஒரு குடும்பம் நேரிலும் மற்றொன்று தொலைபேசியிலும் ஒரே நிமிடத்தில் கேட்கின்றன. இருவருக்கும் பதிவாகிவிட்டால், ஒரு குடும்பம் குழந்தைகளோடு இரவில் தெருவில் நிற்கும். இங்கே உறவுநிலைத் தரவுத்தளம் (மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல்) பொருந்தும். அறை எண்ணும் தேதியும் சேர்ந்து இரண்டாம் முறை வரக்கூடாது என்று அட்டவணையிலேயே கட்டுப்பாடு விதித்தால், இரண்டாவது பதிவைத் தரவுத்தளமே மறுத்துவிடும்.

2. பள்ளி மழைமானிப் பதிவேடு

ஒரே கணினி, எழுதுபவர் ஒருவர், இணையம் தேவையில்லை. எஸ்க்யூலைட் போதும். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருப்பதால் நகலெடுத்து வைப்பது எளிது. ஆனால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்பதால் முதல் சூழலுக்கு இது ஏற்றதன்று.

3. கடைப் பொருள் பட்டியல்

மங்குஸ்தானுக்கு எடை, நேந்திரங்காய் சிப்ஸுக்குக் காலாவதித் தேதி, துண்டுக்கு நிறம், அளவு என ஒவ்வொரு பொருளுக்கும் புலங்கள் மாறுகின்றன. மாங்கோடிபி போன்ற ஆவண வகைத் தரவுத்தளம் இதற்கு வசதியானது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் ஜேசான் வடிவத்தை ஏற்கும் என்பதையும் சொல்லுங்கள். புதியது என்பதற்காக மட்டும் எதையும் எடுக்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன?

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கிவரும் ஜோஹோ நிறுவனத்தை மாணவர்கள் அறிவார்கள். அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவின் பல மென்பொருள்கள் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லை உள்ளடக்கியே வருகின்றன. தனியாகத் தரவுத்தள வல்லுநர் இல்லாத சிறிய அலுவலகமும் அவற்றை நிறுவிக்கொள்ளலாம். ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரைப் பராமரிக்கும் பெரிய நிறுவனம் அதையே இணைத்துக்கொள்ளலாம். நாளை இதைப் பராமரிக்கப்போவது யார் என்பதும் தேர்வின் ஒரு பகுதியே.

வகுப்பறைச் செயல்பாடு

கணினி தேவையில்லை. குழுவுக்கு ஒரு சூழலைக் கொடுத்து இவற்றுக்கு விடை எழுதச் செய்யுங்கள்:

• ஒரே நேரத்தில் எத்தனை பேர் எழுதுவார்கள்?
• எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே புலங்களா?
• ஒரு பதிவு தவறினால் பாதிக்கப்படுபவர் யார்?
• நகலெடுத்து வைப்பதும் பராமரிப்பதும் யார் பொறுப்பு?

பிறகே தரவுத்தளத்தின் பெயரை எழுதட்டும். மதிப்பெண்ணைப் பெயருக்குத் தராமல் காரணத்திற்குத் தாருங்கள். ஒரே சூழலுக்கு இரு குழுக்கள் வெவ்வேறு விடை சொல்லி, இரண்டும் சரியாக இருக்கவும் வாய்ப்புண்டு.